வாயை மூடிய பிள்ளைகள்

தம்பி, சாப்பிட்டாயா, சுகமா என்று கேட்டுத் தொடங்குவதை இன்றைக்கு விட்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் பார்த்துக் கதைத்தபோது உன் மாமியார் உன் மகளின் வாய்க்குக் கரண்டியை நீட்டினாவே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மசித்த வாழைப்பழம். பிள்ளை ஒரு வாய் வாங்கினாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள், பிறகு தலையைத் திருப்பி உதட்டை இறுக்கிக்கொண்டாள். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். "உவளுக்கு இப்பவே என்ன எடுப்பு பாருங்கோ" என்று சொல்லி மாமி தாடையைப் பிடித்துத் திறந்து மிச்சத்தையும் தள்ளிவிட்டா. நான் இங்கே போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்த முகத்தை நான் முன்பு பார்த்திருக்கிறேன், மகனே. இரண்டு பிள்ளைகளில் பார்த்திருக்கிறேன். ஒன்று நீ.

அடுத்த நாள் போன் எடுத்தால், பிள்ளை தின்றதையெல்லாம் சத்தியெடுத்தாள், வேர்த்து விறுவிறுத்து அசந்து கிடந்தாள், பல்லு முளைக்கிறது போல என்கிறாய். பழம் கொடுக்காதே என்றேன். "எல்லாப் பிள்ளையளும் துப்பும்தானே அம்மா. சும்மா விசர்க்கதை கதையாதேங்கோ" என்று வைத்துவிட்டாய். சரி, எனக்கு விசர்தான். விசரி எழுதுகிறதையும் ஒருமுறை இருந்து வாசி. பக்கத்து வீட்டுப் பிள்ளை இதைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். என் கையெழுத்து கோணல் என்று சாட்டுச் சொல்லி நடுவில் நிறுத்தாதே.

கதைக்கு முதல் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குப் பழம் எதுவும் வேண்டாம். சீனி, தேன், மாமி சூட்கேசில் கொண்டுவந்திருக்கிற பனங்கட்டி, வயிற்றுக்குக் கொடுக்கிற இனிப்புத் தண்ணீர், காய்ச்சல் சிரப் ஒன்றும் வேண்டாம். சீனியில்லாத சிரப் என்று போத்தலில் எழுதியிருந்தாலும் நம்பாதே. சிலதில் சோர்பிட்டோல் என்று ஒன்று சேர்ப்பார்கள், அது உடம்புக்குள் போய்ப் பழச்சீனியாக மாறிவிடும். தாய்ப்பால் கொடுக்கட்டும், அதில் பயமில்லை. நாளைக்கே பிள்ளையை டொக்டரிடம் கொண்டு போ. "எனக்குப் பிறந்ததிலிருந்து பழச்சீனி ஒத்துவராது, என் மனிசி எனக்குச் சொந்த மச்சாள், எங்கடை பிள்ளைக்கும் அது இருக்குதோ என்று பாருங்கோ" என்று கேள். எனக்கு இனிப்புப் பிடிக்காது என்று ஊருக்குச் சொல்லிச் சமாளிப்பதைப் போல் அங்கே சமாளிக்காதே. பிள்ளைக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தெரியும்வரை கரண்டியைக் கீழே வை.

இனிக் கதைக்கு வருகிறேன். உனக்கு ஒரு அக்கா இருந்தாள், வதனி. அவள் எப்படிப் போனாள் என்று நீ கேட்ட போதெல்லாம் காய்ச்சல் என்றேன். அவளுக்கு முதன்முதல் சோறு தீத்தியது எண்பத்திமூன்றாம் ஆண்டு ஆவணியில். கொழும்புக் கலவரத்தில் அடிவாங்கிக் கப்பலில் வந்து இறங்கின சொந்தக்காரர் வீடு நிறைய இருந்தார்கள். மாற்றுடுப்புக்கூட இல்லாமல் வந்தவர்கள். அழுது வீங்கின முகங்களுக்கு நடுவே ஒரு நல்ல காரியம் நடக்கட்டும் என்று சர்க்கரைப் புக்கை பொங்கி, கதலிப்பழம் வைத்து, பிள்ளையை நடுவில் இருத்தினோம். ஆளுக்கொரு விரல் தொட்டு வைத்தார்கள். அவள் முதல் விரலை நக்கினாள். இரண்டாவதுக்கு வாயை மூடினாள். மூடின வாயை எல்லோருமாகச் சிரித்துச் சிரித்துத் திறந்தோம்.

கொஞ்ச நேரத்தில் சத்தி. பிறகு அந்த ஆவணி வெயிலில் பிள்ளையின் முதுகு கிணற்றுக் கட்டைப் போலக் குளிர்ந்து வேர்த்தது. விரல்கள் தாமாகவே நடுங்கின. கண் பாதி திறந்து, எனக்குப் பின்னால் நிற்கிற ஆரையோ பார்ப்பது போல இருந்தது. நான் திரும்பியும் பார்த்தேன். பரியாரியார் வந்து கை பிடித்துப் பார்த்து மாந்தம் என்றார். காலையும் மாலையும் தூளைத் தேனில் குழைத்து நாக்கில் தடவச் சொன்னார். கண்டறியாத தேன்! ஊரெல்லாம் தேடி நல்ல தேனாகத்தான் வாங்கினோம். தடவத் தடவப் பிள்ளைக்கு வயிறு வீங்கியது, கண் மஞ்சளானது. மருந்துக் கல்லை நான் கையில் எடுக்கிற சத்தம் கேட்டாலே அவள் வாயைப் பொத்திக்கொள்வாள். பேசத் தெரியாத பிள்ளை வேறு எப்படித்தான் சொல்லும்? தைப்பொங்கலுக்கு முதல் போய்விட்டாள். சின்னப்பிள்ளை என்றபடியால் எரிக்கவில்லை. காணியின் வடக்கு மூலையில், வேலியோரம், இளம்பனை வடலிகளுக்குப் பக்கத்தில் புதைத்தோம்.

பிறகு நீ பிறந்தாய். பால் குடித்துக் கொழுகொழுவென்று இருந்தாய், என் கண்ணே உன்னில் பட்டுவிடும் என்று பயந்தேன். உனக்கும் சோறு தீத்துகிற நாள் வந்தது. அதே புக்கை, அதே கதலிப்பழம், அதே மூடின வாய், அதே குளிர்ந்த முதுகு. உன் கண் பாதி திறந்து என் தோளுக்கு மேலால் பார்த்தபோது, மடியில் கிடப்பது நீயா அவளா என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. ஐயோ வதனி என்று கத்திவிட்டேன். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற சனத்துக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

குறி சொல்கிற ஒருவரிடம் கொண்டு போனோம். அவர் வெற்றிலையைப் பார்த்துவிட்டு மெல்லத்தான் கதைத்தார். "பெட்டை தனிச்சுப்போனாள் பிள்ளை. தம்பியைத் துணைக்குக் கேக்கிறாள். பறுவத்துக்குப் பறுவம் அவள் கிடக்கிற இடத்திலை மடை வை. அவள் தொட்டதிலை முதல் பங்கு தம்பிக்குக் குடு. ரெண்டு பேரும் பங்கு போட்டுத் திண்டால் அவளின்ரை கோவம் ஆறும்." எவ்வளவு நியாயமான பேச்சாக அன்றைக்கு எனக்குப் பட்டது தெரியுமா? பெற்றவளுக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்தது. செத்த பிள்ளைக்குச் சமைத்துப் போடலாம் என்று ஒருவர் சொன்னால் எந்தத் தாய் மாட்டேன் என்பாள்?

அதிலிருந்து ஒவ்வொரு பறுவத்துக்கும், முழுநிலா எழும்புகிற மைம்மல் பொழுதில், அந்த மூலையைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வாழையிலை போடுவேன். புக்கை, பழம், பனங்கட்டி, விளக்கு. அவளைக் கூப்பிடுவேன். காற்றில்லாத நேரத்தில் வடலி ஓலை ஒருமுறை சரசரக்கும், அல்லது சரசரத்ததாக நான் நினைப்பேன். பிறகு இலையில் இருந்து ஒரு கவளம் எடுத்து உன் வாயில் வைப்பேன். விளக்கு அணைவதற்குள் உனக்கு வேர்க்கத் தொடங்கிவிடும். தப்பாமல் வரும். அமாவாசைப் பக்கம் ஓடித் திரிகிற பிள்ளை, பறுவத்தில் விழுந்துவிடுவாய். நிலா வளர வளர எனக்குச் சோறு இறங்காது. பறுவத்தன்று எங்கள் ஒழுங்கையால் போகாமல் ஆட்கள் சுற்றிப் போகத் தொடங்கினார்கள். நீ கூடுதலாக விழுந்தால் அவளுக்குப் பசி கூடிவிட்டது என்று அடுத்த பறுவத்துக்கு இன்னும் இரண்டு பழம் கூட வைப்பேன். பாவி நான், கூடத்தான் வைத்தேன்.

உனக்கு மூன்று வயதில், அப்படி ஒரு மயக்கத்தில் கிடந்தபோது, கண்ணைத் திறக்காமலே "அக்கா கூப்பிடுறா" என்றாய். உன்னைப் பெற்ற கொப்பர் கையில் இருந்த செம்பை அப்படியே விட்டார். அந்தச் செம்பு உருண்டு போய் வாசற்படியில் நின்றதுவரை எனக்கு இப்போதும் கேட்கிறது. அந்தச் சொல்லை உனக்குச் சொல்லித் தந்தது நாங்கள்தான் என்று இப்போது விளங்குகிறது. நீ விளையாடிக்கொண்டிருக்கையில் உன் காதுபட எத்தனை தரம் அதைக் கதைத்திருப்போம்! அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

கொஞ்சம் வளர்ந்ததும், நான் இலை வெட்டுகிறதைக் கண்டாலே கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துவிடுவாய். காலைப் பிடித்து இழுத்து வருவேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாய். "வாயைத் திறவடா, அக்கா கோவிப்பா" என்று மூக்கைப் பிடிப்பேன். மூச்சுக்கு வாய் திறக்கிற நேரம் பார்த்துத் தள்ளுவேன். "விடப்பா, அவன் வேண்டாமெண்டுறான்" என்பார் கொப்பர். "அவன் சொல்லேல்லை, அவள்தான் வாயைக் கட்டுறாள்" என்பேன் நான். என்ன கோதாரி பிடித்த புத்தி என்று இப்போது கேட்கலாம். அப்போது அந்த வீட்டில் அதைக் கேட்க ஆளில்லை. கொப்பர் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கியதும் ஆமி முகாமைச் சுற்றியிருந்த எங்கள் ஊர் முழுவதும் வீடுவாசலை விட்டு எழும்பியது. கையில் அகப்பட்டதோடு அளவெட்டிக்கு வந்து ஒரு கொட்டிலில் இருந்தோம். வெங்காயம் காயப்போட்டது, மாடு, கதவு எல்லாம் அங்கே. அவளும் அங்கே. மடையை அவள் கிடக்கிற இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று குறிகாரர் சொல்லியிருந்தபடியால் முதல் பறுவத்துக்கு நான் ஒன்றும் வைக்கவில்லை. கொட்டில் வாசலில் உன்னை மடியில் இறுக்கிக்கொண்டு நிலா எழும்புவதைப் பார்த்திருந்தேன். நீ "அம்மா, நோகுது, விடுங்கோ" என்று இறங்கி ஓடிப்போய் மற்றப் பிள்ளைகளோடு கிளித்தட்டு மறித்தாய். உனக்கு ஒன்றும் வரவில்லை. அடுத்த பறுவத்துக்கும் வரவில்லை.

அந்த வருசங்களில் சீனி யாழ்ப்பாணத்துக்குள் வருவதே பெரும்பாடு, வந்தாலும் வாங்க ஏலாத விலை. ஊரெல்லாம் ஒரு துண்டுப் பனங்கட்டியை நக்கி நக்கி வெறும் தேத்தண்ணி குடித்தது. பிள்ளைகள் இனிப்புக்கு ஏங்கி மெலிந்தார்கள், நீ மட்டும் கன்னம் வைத்தாய். உன் துண்டைக் கொப்பரின் கையில் வைத்துவிட்டுக் கசக்கக் கசக்கக் குடிப்பாய். கோயிலில் மேளக்கச்சேரி என்றால் முதல் ஆளாய் ஓடுவாய். பஞ்சாமிர்தம் தந்தால் பக்கத்தில் நிற்கிறவனின் கையில் ஊற்றிவிடுவாய். "உவன் என்ன, சாமியாராய்ப் போகப்போறானோ?" என்று சனம் பகிடி பண்ணும். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எனக்கு வேறு கணக்கு ஓடியது. அவளால் இவ்வளவு தூரம் வர ஏலவில்லை. செல் குண்டு விழுகிற அந்தக் காணியில் தனியே கிடந்து, அம்மா இலை போடுவாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீ தேற என் நெஞ்சு ஒரு பக்கம் குளிர்ந்தது, மறுபக்கம் எரிந்தது. இரண்டையும் கொப்பரிடம்கூடச் சொல்லவில்லை.

பிறகு தொண்ணூற்றைந்து ஐப்பசி. ஆமி வருகுதென்று வலிகாமம் முழுவதும் ஒரே ரோட்டில் இறங்கியது உனக்கு நினைவிருக்கும், உனக்கு அப்போது பத்து வயது. மழை, சனம், நாவற்குழிப் பாலம், குடிக்கத் தண்ணியில்லை. மறுநாள் மத்தியானம்தான் சாவகச்சேரிக்கு அங்காலே ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் இடம் கிடைத்தது. அந்த வீட்டுக்காரி நல்ல மனிசி. உன் உதடு வெடித்திருந்ததைக் கண்டு, எப்போதோ ஒளித்து வைத்திருந்த கடைசிச் சீனியை முழுவதும் கொட்டித் தேத்தண்ணி ஆற்றி, "குடி ராசா" என்று தந்தா. தாகத்தில் நீ ருசி பார்க்கவில்லை. ஒரே மூச்சில் இழுத்துவிட்டாய்.

பிறகு சத்தியெடுத்தாய், வேர்த்தாய். உன் கை என் கைக்குள் நடுங்கியது. கண் பாதி திறந்து என் தோளுக்கு மேலால் பார்த்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்: எனக்குச் சந்தோசமாக இருந்தது. "வந்திட்டாள்! என்ரை பிள்ளை வழி கண்டுபிடிச்சு வந்திட்டாள்!" என்று அந்தச் சனத்துக்கு நடுவே சொன்னேன். அன்று பறுவம்கூட இல்லை. பறுவம் இல்லாமலே வந்துவிட்டாளே, அவ்வளவு பசியா என்று நினைத்தேன். இத்தனை சனம் நடந்த அதே ரோட்டால், எங்களுக்குப் பின்னாலேயே அவளும் நடந்து வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்காரியிடம் ஒரு பழமும் இலையும் கேட்டேன். பழத்தை உரித்துக்கொண்டு உன் பக்கம் திரும்பினேன்.

கொப்பர் என் கையைத் தட்டிவிட்டார். பழம் சேற்றில் விழுந்தது. "இனி அவன்ரை வாயிலை ஒண்டும் வைக்காதை! வைச்சால் நான் மனிசனாய் இருக்கமாட்டன்!" என்று கத்தினார். அந்த மனுசன் என்னோடு அதட்டிக் கதைத்தது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். உன்னைத் தூக்கிச் சைக்கிளில் வைத்து ஆசுபத்திரிக்கு உழக்கினார். நான் பின்னால் ஓடினேன்.

ஆசுபத்திரி விறாந்தை முழுவதும் சனம். எங்களைப் போலவே இடம்பெயர்ந்து வந்த ஒரு டொக்டர் பிள்ளை, சேலை முழங்கால்வரை சேறு, உன்னைக் கண்டதும் குளுக்கோஸ் ஏற்றினா. போத்தல் பாதி இறங்கமுதல் நீ கண்ணைத் திறந்து "அம்மா, பசிக்குது" என்றாய். டொக்டர் என்ன சாப்பிட்டவன் என்று கேட்டா. சொன்னேன். உன் வாயைத் திறந்து பார்த்தா. "பத்து வயது, ஒரு பல்லும் சூத்தை இல்லையே. இனிப்புச் சாப்பிடுறவனோ அம்மா?" "தொடவும் மாட்டான்." "விருப்பமில்லாமலோ, ஒத்துவராமலோ?" கொப்பரைத் திரும்பிப் பார்த்தேன். அப்படி ஆரும் என்னிடம் கேட்டதில்லை. "வேறை பிள்ளையள் இருக்கோ?" என்றா. இருந்தாள் என்றேன். அவளுக்கு என்ன கொடுத்தீங்கள், எப்ப வருத்தம் வந்தது என்று கேட்டா. சொல்லத் தொடங்கினேன். புக்கை, கதலிப்பழம், தேன். காலையும் மாலையும் தேன். பிறகு உனக்கு வைத்த மடை. புக்கை, பழம், பனங்கட்டி. சொல்லிக்கொண்டு போகையில் என் குரல் என் காதிலேயே விழுந்தது. டொக்டர் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டா.

அவ சொன்னதை நான் மறக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே விளங்கியது, எஞ்சினியர் உனக்கு விளங்காமல் போகாது. சீனி என்பது இரண்டு பொருள் ஒட்டினது. ஒன்று குளுக்கோஸ். அதை உடம்பு முழுவதும் எரித்துப் பலமாக்கும், சோற்றிலும் அதுதான் வருகிறது. மற்றது பழச்சீனி, டொக்டர்மார் பிரக்டோஸ் என்பார்கள். பழத்திலும் தேனிலும் அது தனியாகவும் இருக்கும். அது பெரும்பாலும் ஈரலுக்குத்தான் போகும். மற்றவர்களின் ஈரல் அதைச் சுகமாக உடைத்துவிடும். உனக்கு அதை உடைக்கிற பொருள் பிறவியிலேயே இல்லை. அரைகுறையாக உடைந்தது ஈரலுக்குள் தேங்கி நிற்கும், ஈரல் தான் சேர்த்து வைத்த குளுக்கோசையும் வெளியே விட முடியாமல் போகும். இனிப்பைத் தின்னத் தின்ன இரத்தத்தில் சீனி இறங்கும். அந்த வேர்வை, நடுக்கம், பாதிக் கண், பிதற்றல் எல்லாம் அதுதான். விடாமல் கொடுத்துக்கொண்டிருந்தால் ஈரலும் சிறுநீரகமும் கெட்டு ஆளே போய்விடும். தாயிடம் பாதியும் தகப்பனிடம் பாதியும் ஒளிந்திருந்து பிள்ளையில் ஒன்றுசேர்கிற வருத்தம் என்றா. நானும் கொப்பரும் மச்சான் மச்சாள். உன் மனிசி கொப்பரின் தங்கச்சி மகள். இப்போது விளங்குகிறதா, நான் ஏன் போனைக் கவிழ்த்தேன் என்று?

மாமியோடு சண்டை பிடிக்காதே. பழம் நல்லதென்று அவ சொல்வதும் பிழையில்லை, அவவின் ஈரலுக்கு அது நல்லதுதான். அதிலும் அளவு இருக்கிறது. பின்னேரம் பின்னேரம் சோடா குடித்து எனக்கே ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது; மிஞ்சின பழச்சீனியை ஈரல் கொழுப்பாக்கி வைத்துவிடுமாம். ஆனால் எங்களுக்கு அது வருசக்கணக்கில் செய்கிற வேலையை உன் போன்ற பிள்ளைக்கு ஒரு கரண்டியில் செய்துவிடும். இதை மாமிக்கு வாசித்துக் காட்டு. என்னைத் திட்டினால் திட்டட்டும்.

அந்த ஆசுபத்திரி விறாந்தையில் நான் உன்னைப் பெற்றேன், அவளைத் திரும்பவும் இழந்தேன். அவள் ஒருநாளும் வரவில்லை. பறுவத்தில் வரவில்லை, ரோட்டால் எங்களுக்குப் பின்னால் நடந்து வரவில்லை. உன்னை ஒருநாளும் கேட்கவில்லை. பெத்த பிள்ளையைப் பேய் என்று ஊர் சொல்ல விட்டது நான். அவள் வாய் திறந்து ஒரு சொல் சொல்லாத குழந்தை. வாயை மூடித்தான் சொன்னாள், நீயும் அப்படித்தான் சொன்னாய்.

போன மாதம் ஆமிக்காரர் எங்கள் காணியை விட்டுத் தந்தார்கள். வீடு இல்லை, கிணறு தூர்ந்துவிட்டது, வடலிகள் எல்லாம் நெடும்பனைகளாக நிற்கின்றன. போன கிழமைதான் மூலையைக் கண்டுபிடித்துக் கூட்டித் தண்ணீர் தெளித்தேன். இலை போட்டேன். வெறும் சோறும் உப்பும் வைத்தேன். அவளுக்கு ஒத்துவருகிற சாப்பாட்டை நான் வைத்தது அதுதான் முதல்முறை. "தின்னடி பிள்ளை, இது ஒண்டும் செய்யாது" என்றேன். டொக்டர் சொன்னதை முழுவதும் நம்புகிறவள் நான். ஆனாலும் காற்றில்லாத அந்த நேரத்தில் ஒரு ஓலை சரசரத்தது. அந்தக் கிழமை ஞாயிற்றுக்கிழமைதான் உன் மகள் என்னைப் பார்த்துக்கொண்டு வாயை மூடினாள்.

இதை வாசித்து முடித்ததும் எனக்குப் போன் எடு. உங்கே இரவோ பகலோ பரவாயில்லை, நான் முழித்துத்தான் இருப்பேன். சுகம் விசாரிக்க வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். "கரண்டியை வைச்சிட்டம் அம்மா" என்று மட்டும் சொல்.